ஊறல் வாளி

“கதவைத் திறங்க கண்டக்டர். உள்ள என்ன ஊறுதுன்னு எங்களுக்குத் தெரியும்.”

குடியிருப்போர் சங்கத்துச் செகரட்டரி பின்னறை வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் சங்கத்தின் பொருளாளரான மருந்துக்கடைக்காரர். அவருக்கும் பின்னால் வீட்டுக்காரர். மிச்ச இடத்தில் செகரட்டரியின் மனைவியோடு பாதித் தெருவும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது.

கண்டக்டர் அப்போதுதான் டூட்டி முடிந்து வந்திருந்தார். காக்கிச் சட்டைகூட மாற்றவில்லை.

“கோழித் தீவனம் சார்.”

“தீவனம் இப்படி நாறுமாய்யா? சாராய ஊறல் போட்டு விக்கிறீங்கன்னு புகார் வந்திருக்கு.”

“யார் சார் குடுத்தது?”

“நான்தான்.”

புகார் கொடுத்தவரும் அவர், விசாரிக்க வந்தவரும் அவர், தீர்ப்புச் சொல்லப்போகிறவரும் அவர். சங்கத்தில் ஆள் பற்றாக்குறை அப்படி.

குடி என்றாலே செகரட்டரிக்கு ஆகாது. மாதக் கூட்டத்தில் மைக் கைக்கு வந்தால், தண்ணீர்க் குழாய் பிரச்சினையில் தொடங்கி மதுவின் தீமையில்தான் முடிப்பார். பழைய வாட்ச்மேனை ஊதச் சொல்லி, வாசனை வந்ததா இல்லையா என்று கொஞ்சம் யோசித்து, வந்தது என்று முடிவுசெய்து வேலையை விட்டு அனுப்பிய உத்தமர்.

வீட்டுக்காரர் நெளிந்தார். “நான் என்ன பண்ணட்டும் தம்பி? சங்கம் சொல்லிட்டா காலி பண்ணச் சொல்லித்தான் ஆகணும்.”

கண்டக்டரின் மனைவி சுவரோரம் நின்று அழுதாள். மகளுக்குப் பரீட்சை நேரம். வேறு வீடு தேடினால் கிடைத்துவிடும். சாராயக்காரி என்ற பேரையும் சாமான்களோடு ஏற்றிக்கொண்டு போக வேண்டுமே என்பதுதான் அவள் கவலை.

கண்டக்டர் பூட்டைத் திறந்து, வாளியின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தார். குமிழ் குமிழாக நுரைத்தது.

“பொங்குது, பாத்துக்குங்க. இன்னும் என்ன சாட்சி வேணும்?” என்றார் செகரட்டரி.

“மக்காச்சோளம், கோதுமை, தவிடு. தண்ணியில ஊறிப் புளிச்சா நுரைக்கத்தான் சார் செய்யும்.”

“கோழிக்கு எதுக்குய்யா ஊறவச்சு, புளிக்கவச்சு? அதென்ன வீட்டு மாப்பிள்ளையா?”

“கோழிக்குப் பல்லு கிடையாதே சார். காஞ்சதா போட்டா பாதிதான் செரிக்கும். மீதி, டிக்கெட் எடுக்காத ஆளு மாதிரி பின்வாசல் வழியா நைசா எறங்கிடும். போன மழையில எல்லாத்துக்கும் கழிச்சல். தீவனக் கடையில சொன்னாங்கன்னு இப்படிப் போட ஆரம்பிச்சேன். இப்போ வயிறு சுத்தம். எச்சம் கெட்டியா விழுது, முட்டை ஓடும் உரமா இருக்கு.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். செகரட்டரிக்கு அது பிடிக்கவில்லை.

“குடல் வைத்தியம் கேக்க நாங்க வரல.”

கண்டக்டர் ஒரு கரண்டி அள்ளிப் பக்கத்திலிருந்த கோழிக் கூண்டுக்குள் போட்டார். கோழிகள் முட்டி மோதித் தின்றன. தின்ற பிறகு நேராகவே நடந்தன.

“பழகின கோழிங்க. தள்ளாடாது,” என்றார் செகரட்டரி.

மருந்துக்கடைக்காரர் கொஞ்சம் நியாயஸ்தர். வாளியில் விரலை விட்டு நக்கினார். சந்தேகத்துக்கு இன்னொரு தரமும் நக்கினார்.

“புளிப்பா இருக்கு. அவ்வளவுதான். சாராய நெடியே இல்லையே சார்.”

வீட்டுக்காரர் முகம் தெளிந்தது. மூக்கைப் பொத்தியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. “எதுக்குய்யா வேலை மெனக்கெட்டு எங்களைக் கூட்டிட்டு வந்தீங்க?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

செகரட்டரிக்குச் சுருக்கென்றது. இத்தனை பேர் முன்னால் தோற்றுப் போவதா?

“நீங்க பண்றதுக்குப் பேரு டெஸ்ட்டா?” என்று மருந்துக்கடைக்காரர் மேல் பாய்ந்தார். “விரல்ல தொட்டு நக்கினா என்ன தெரியும்? நல்லா அடிவரைக்கும் கலக்கணும். கொஞ்சம் தெளிய விட்டு, மேல் தண்ணிய மட்டும் துணியில வடிகட்டணும். விடியக்காலம் வெறும் வயித்துல ஒரு முழு டம்ளர் உள்ள போனா, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ஜிவ்வுன்னு ஏறும் பாருங்க. அப்போ தெரியும் இது சாராயமா இல்லையான்னு.”

எல்லார் தலையும் செகரட்டரி பக்கம் திரும்பியது.

கண்டக்டருக்கு மெதுவாக விளங்கியது. வாளி மாடிப்படிக்கு அடியில், திறந்த இடத்தில் இருந்தவரை இந்தத் தெருவில் யாருக்கும் அது நாறவில்லை. தண்ணீர் தினமும் குறைகிறதே, பூனை குடிக்கிறதோ என்று போன வாரம்தான் உள்ளே தூக்கி வைத்துப் பூட்டினார். செகரட்டரிக்கு நாற்றம் தெரிய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

செகரட்டரியின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“விடியக்காலம் வாக்கிங் போறதாலதான் உங்க மலச்சிக்கல் தீந்துச்சுன்னு தெரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன்,” என்றார் கணவரிடம். “வாக்கிங்கை விடவே இல்லையே, போன வாரத்துலேர்ந்து மறுபடி ஏன் வந்துச்சுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டிருந்தேன்.”