சாத்திய கதவு

"பின் வரிசையில பாரு, அவனும் வந்திருக்கான். தொப்பியைக்கூடக் கழட்டல" என்றாள் ஜாய்ஸ்.

"தம்பிக்குச் சாதகமாச் சொல்ல வந்திருப்பான். வேறெதுக்கு?" என்றாள் பெரில்.

விசாரணைக் கூடத்தில் உட்கார்ந்திருந்த வில்ஃபைத்தான் சொன்னார்கள். ஊரின் கீழ்க்கோடியிலுள்ள மூன்று ஏக்கர் புல்வெளி அவருக்கும் லண்டனிலிருக்கும் தம்பி கிளிஃபர்டுக்கும் பொதுச்சொத்து. அங்கே நாற்பது வீடு கட்டக் கிளிஃபர்ட் துடித்துக்கொண்டிருந்தான். யாரும் அங்கே வீடு கட்ட முடியாதபடி அதை ஊர்த்திடலாகப் பதிய வேண்டும் என்று ஊரார் மனுப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து பெரிலுடையது.

கிளிஃபர்டின் வக்கீல் அவளிடமிருந்தே தொடங்கினார்.

"வருஷா வருஷம் நவம்பர் அஞ்சாம் தேதி ஊர் கூடிக் கொளுத்தற சொக்கப்பனை அந்தப் புல்வெளியிலதானே?"

"இருபத்திரண்டு வருஷமா. பனி விழுந்தா பிள்ளைங்க சறுக்கறதும் அங்கதான்."

"கொளுத்தறதுக்கு முன்னால வில்ஃபைக் கேட்பீங்களா?"

"கேட்காம? ஒவ்வொரு வருஷமும் இஞ்சி கேக் எடுத்துட்டுப் போய்க் கதவைத் தட்டுவேன். அதுதானே மரியாதை?"

ஜாய்ஸ் கண்களை மூடிக்கொண்டாள்.

பெரிலுக்கு அப்போதுதான் உறைத்தது. சொந்தக்காரர் அனுமதியும் இல்லாமல், தடையும் இல்லாமல் இருபது வருஷம் ஊர் புழங்கியிருந்தால்தான் அது ஊர்த்திடல். அனுமதியோடு புழங்கினால் அது அவருடைய தயவு. ஊருக்கு உரிமை கிடையாது. இதைப் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மரியாதை முந்திக்கொண்டுவிட்டது.

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்திட்டார். இருபத்திரண்டு தடவையும்."

"கேக்?"

"அதை வாங்கிட்டுத்தான் சாத்துவார்."

கூடம் சிரித்தது. விசாரணை அதிகாரி தண்ணீர் குடித்தார்.

அடுத்து வில்ஃப்.

"கேக்கை வாங்கினதே சம்மதம்தானே?" என்றார் வக்கீல். "ஒரு தலையசைப்பாவது இருந்திருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க. உங்க பாதியும் இதுல இருக்கு."

"யோசிக்க என்ன இருக்கு? சம்மதம் கொடுத்ததே இல்ல. யாருக்கும், ஒரு நாளும்."

"அப்ப விரட்டியிருப்பீங்க. பலகை மாட்டியிருப்பீங்க. பூட்டுப் போட்டிருப்பீங்க."

"முட்டி வலி. யார் அங்கே போய்ப் பூட்டறது?"

முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். ஆனால் வக்கீல் காகிதங்களைப் பைக்குள் திணித்த விதத்திலேயே அது தெரிந்துவிட்டது. கிளிஃபர்ட் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறினான்.

பெரில் வாசலில் வில்ஃபை மறித்தாள். ஜெயித்தாலும் கோபம் தணியவில்லை.

"கேக்குற கேள்விக்கு ஒரு தடவையாவது 'சரி, கொளுத்திக்கோங்க'ன்னு சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

"நிலத்தை ஊருக்கே எழுதிக் கொடுத்துடலாம்னா தம்பி கையெழுத்துப் போட மாட்டான்" என்றார் வில்ஃப். "நான் 'சரி'ன்னு சொன்னா அந்த ஒரு நாள்தான் உங்களுது."

பெரில் வழியை விட்டு விலகினாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"ஒவ்வொரு வருஷமும் நாக்கு நுனி வரைக்கும் வந்துடும்மா. அதான் அவ்வளவு வேகமாச் சாத்தினேன்."