ஆழ்வாப்பிள்ளையின் பிளக்

எண்பத்தாறாம் ஆண்டு, அனலைதீவு. ஆழ்வாப்பிள்ளை செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. ஐயருக்குத் தோயத் தண்ணீர் வேண்டும். கிணற்றடி இறைப்பு மிஷின் அசைய மாட்டேன் என்கிறது. செத்தவரின் பெண்சாதி மீனலோசனி கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறாள். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். பந்தலுக்குக் கீழே மருமகன் தியாகலிங்கம், காலை வள்ளத்தில் அச்சாகி வந்த கல்வெட்டுப் புத்தகத்தைப் பிரித்து, செத்தவர் புகழ்பாடும் வெண்பாக்களை இராகம் இழுத்து வாசிக்கிறான். "எகிப்துப் போரில் எதிரிகளை வீழ்த்திய வேங்கை..."

"நிப்பாட்டும் தம்பி! அவர் ஒருத்தரையும் சுடேல்லை. வெள்ளைக்காரன்ரை லொறி திருத்தினவர்."

"அச்சடிச்சாச்சு மாமி. இனி மாத்த ஏலாது."

உலகப் போரிலிருந்து வந்து அவளைக் கட்டிய முப்பத்தெட்டு வருஷத்தில், ஒரு நாள்கூட அவளைத் துலாக்கயிறு பிடிக்க விடாத மனுஷன். அதைப்பற்றி ஒரு வரி இல்லை. அவள் மிஷினில் தீப்பொறி கிளப்பும் பிளக்கைக் கழற்றுகிறாள். ஈரமும் கரியுமாக இருக்கிறது. மருமகன் கையிலிருக்கும் கல்வெட்டைப் பறித்து, வேங்கை இருக்கிற பக்கத்தைக் கிழித்து, கரியை அழுந்தத் துடைக்கிறாள். பிறகு குசினிக்குள் போய், படையல் சோறு கொதிக்கும் அடுப்பின் தணலில் பிளக்கைக் குறட்டால் பிடித்துக் காய வைக்கிறாள், அவர் வைப்பதைப்போலவே. மண்ணெண்ணெய் நாற்றம் குசினி முழுக்க எழுகிறது.

"எத்தினை தரம் சொன்னனான், உந்தக் கண்டறியாத சாமானை என்ரை அடுப்பிலை வைக்க வேண்டாமெண்டு!"

அவள் வாய் பழக்கத்தில் தன்பாட்டில் ஏசிவிடுகிறது. பதிலுக்கு எப்போதும் வரும் அவர் சிரிப்புக்காக, கையில் குறட்டோடு அவள் காத்து நிற்கிறாள்.