காப்பாளர் கையெழுத்து

"நீங்க முன்னாடி ஏறுங்க, சித்தப்பா."

கல்லூரி மாடிப்படியில் அவள் ஒதுங்கி நின்றாள். படியேறும்போது முதுகுக்குப் பின்னால் ஆள் வருவது அவளுக்கு ஆகாது. ஆறு வயதில், அம்மா மாடிப்படியில் உருண்டு விழுந்து செத்ததைப் பார்த்தவள். அந்தச் சத்தம் இன்றும் தூக்கத்தில் கேட்கும்.

"இன்னுமா பயம்? வக்கீலாகப் போறவ இப்படி நடுங்கினா ஜட்ஜ் சிரிப்பாரு!" சித்தப்பா முன்னால் ஏறினார்.

சேர்க்கைக்கு அன்றுதான் கடைசி நாள். காப்பாளர் கையெழுத்து இல்லாத விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள்.

பேராசிரியை விண்ணப்பத்தைப் பார்த்தார். "வரலாறு சரி, தர்க்கவியல் சரி. உளவியல் எதுக்கும்மா?"

"சின்னக் குழந்தைங்க ஞாபகம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும், மேடம்."

"அது பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறவங்க படிக்கிறதாச்சே! பேசாம வணிகவியல் போடு," என்றார் சித்தப்பா.

"சட்டத்துக்கு முன்னாடி எதைப் படிச்சாலும் தப்பில்ல சார். சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ண உளவியல் நல்லாவே கைகொடுக்கும்."

சித்தப்பா பேனாவைத் திறந்தார், மூடினார். அவள் அந்தப் பேனாவையே பார்த்தாள். இந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் பன்னிரண்டு வருஷம் வாய் திறக்காமல் இருந்தாள்.

"அப்பா அம்மா இல்லாம நான் வளர்த்த பொண்ணு, மேடம். ஞாபகசக்தி அபாரம். சின்னதுலயே ஒரு தடவை காதுல போட்டா போதும், வரி பிசகாம ஒப்பிப்பா. சரி, ஆசைப்பட்டதையே படிக்கட்டும்."

கையெழுத்து விழுந்தது.

கீழே அலுவலகத்தில் குமாஸ்தா முத்திரை குத்தி ரசீதை நீட்டியபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

வெளியே வந்ததும் சித்தப்பா அவள் தலையில் செல்லமாகத் தட்டினார். "முதல் கேஸ் யாருக்கு, வக்கீலம்மா? எனக்குன்னா ஃபீஸ் கேட்கக் கூடாது!"

"அப்பாவுக்கு."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஜெயில்ல கிடக்கிறவனுக்கா? அவன்தான் அம்மாவைத் தள்ளிவிட்டான்னு கோர்ட்ல சாட்சி சொன்னதே நீதானே?"

அவள் ரசீதை நிதானமாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சொல்ல வெச்சது நீங்க, சித்தப்பா. தள்ளினதும் நீங்கதான்."