வயலுக்குள் மீன்

இந்த முறையும் மீன் வயலுக்குள்ளேதான் கிடந்தது. றிபாத் லேப்டொப்பில் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தான். நிந்தவூர் வயல்வெளியில் வரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மீன் என்றால் மீன் அடைகிற இடங்கள். தோணிக்காரர் மீராசாஹிபு வருடக்கணக்காகக் கடலில் அலைந்து கண்டுபிடித்த, கடலடியில் மீன் தங்குகிற கற்பார்கள் எல்லாம் அவருடைய ஜீபிஎஸ் பெட்டிக்குள்தான் பதிந்திருந்தன. எங்கே பிடித்த மீன் என்று பெண்சாதி கேட்டாலே கடல் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போகிற மனிதர் அவர்.

போன கிழமை அந்தப் பெட்டியை எவனோ களவெடுத்தான். இரண்டு நாள் கழித்து அவனே அதன் டிஸ்பிளேயை அடித்து நொறுக்கி, பெட்டியைத் தோணிக்குள் வீசிவிட்டுப் போயிருந்தான்.

அந்த டிஸ்பிளே கொழும்பிலும் கிடைக்கவில்லை. "டிஸ்பிளே என்னத்துக்கு காக்கா? பெட்டி அதுக்கு அனுப்புற சிக்னலப் புடிச்சி, நான் வாசிச்சித் தாறன்" என்று, கல்முனையில் தான் போன் திருத்துகிற கடையில் நாலு பேர் கேட்க றிபாத் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

டிஸ்பிளேக்குப் போகும் மெல்லிய வயர்களில் கொக்கி மாட்டிப் பிடித்த சிக்னல் முழுக்க ஒன்றும் பூச்சியமுமாக இருந்தது. அதைக் கூட்டிச் சேர்த்து எண்ணாக்கினான். நேரம் சரியாக வந்தது, பற்றரி அளவும் சரியாக வந்தது. புள்ளிகள் மட்டும் கரையேறி வயலில் போய்க் குந்திக்கொண்டன.

வயரை மாற்றினான், வேகத்தைக் குறைத்தான், கணக்கைத் தலைகீழாகவும் போட்டுப் பார்த்தான். முசீபத்து, அதே வரம்பு! வயல் கதையை வெளியே சொல்லவும் வெட்கமாக இருந்தது.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மீராசாஹிபு கடைக்கு வந்தார். "என்ன றிபாத், வந்திச்சா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கணும் காக்கா."

"இதத்தானே நேத்தும் செல்லினாய். நாளைக்கு விடிய சுபஹோட தோணி எறக்கணும். எல்லாம் அழிஞ்செண்டா அழிஞ்செண்டு செல்லு. தோணியில வாற அத்தன பேர்ர அடுப்பும் இதுலதான் எரியுது."

றிபாத்துக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. லேப்டொப்பை அவர் பக்கம் திருப்பினான்.

"எனக்கு ஏலா காக்கா. நான் வாசிக்கிறது எல்லாம் பிழ. ஒங்கட கல்லெல்லாம் நிந்தவூர் வயலுக்க காட்டுது. பெட்டிய வேற யாருக்கிட்டயும் குடுத்துப் பாருங்க."

மீராசாஹிபு கடை வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒவ்வொரு புள்ளியாக விரலை வைத்துக்கொண்டே போனார். அவர் முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! ஒண்டும் கொறயல்ல."

"காக்கா, அது வயல்!"

"மெதுவாக் கதை." அவர் அவன் காதுக்குக் கிட்ட வந்தார். "நான் வேணுமெண்டே தள்ளி வயலுக்கதான் பதிஞ்ச. கடலுக்கு எவ்வளவு தள்ளிப் போகணுமெண்டது என்ட தலைக்குள்ள இரிக்கி. கள்ளன் ஏன் டிஸ்பிளேய ஒடச்ச எண்டு நெனக்கிறாய்?"