பன்னிரண்டாவது கைதட்டல்

ஈ காக்கை இல்லாத அரங்கில் அந்த ராக் குழு வாசித்துப் பதிவு செய்த இசைத்தட்டு அது. முதலில் அதில் கைதட்டலே கிடையாது. இசைத்தட்டுக் கடைக்காரர் இதுவரை ராக் இசைக்குப் புதியவர்கள் பதினோரு பேரை உட்காரவைத்து அதைப் போட்டுக் காட்டியிருக்கிறார். இப்போது இசைத்தட்டின் முடிவில் பதினோரு பேர் கைதட்டுகிறார்கள்.

இன்று அவருடைய அக்காவின் முறை.

"இது பாட்டாடா? தகரக் கொட்டகை இடிஞ்சு விழற மாதிரி இருக்கு!"

"பேசாம கேளுக்கா."

ஏழாவது நிமிடத்தில் அக்கா முன்னால் சாய்ந்து கேட்கத் தொடங்கினாள். கிட்டார்கள் அலறி ஓய்ந்தபோது அவள் கண்கள் நிறைந்திருந்தன. இசைத்தட்டில் கைதட்டல் எழுந்து அடங்கியது. எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒருவர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். சின்ன வயதிலிருந்தே அக்கா அப்படித்தான்.

அவள் கைகள் மடியில் அசையாமல் கிடந்தன.