பாலாத்துல படகு

எம்.டி. அறை வாசலில் உட்கார்ந்திருந்த பூங்குழலி, ராஜினாமாக் கடிதத்தை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். அவர்கள் துரத்துவதற்கு முன்னால் நாமே கொடுத்துவிட்டால் மானமாவது மிஞ்சும் என்று நினைத்தாள்.

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியின் செக்கிங் பிரிவில் அவள் ஏழு வருஷமாக இருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், சமையல் மேடையில் பருப்பு டப்பா மேல் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவாள். சினிமா பக்கம் போகாமல் சொந்தமாகப் பாட்டு வெளியிடுகிறவர்களின் புதுப் பாட்டைக் கேட்டுவிட்டு, மனசில் பட்டதை அப்படியே சொல்லிப் போடுவாள்.

நாற்பதாயிரம் பேர் அதைப் பார்க்கிறார்கள். பாட்டு நன்றாக இருந்தால் அவள் அழுவாள். இல்லாவிட்டால் பாடினவர் அழுவார்.

போன வாரம் வந்தது ‘பாலாத்துல படகு’ என்ற பாட்டு. பாடியது யாரோ சுஹேல் அகமது.

"பாலாத்துல கால் நனைக்கத் தண்ணி இல்ல, இவர் படகு ஓட்றாரு. குரல் ஒரு பக்கம் போவுது, தாளம் ஒரு பக்கம் போவுது. ரெண்டும் வாணியம்பாடி தாண்டித்தான் சந்திக்குது" என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசியிருந்தாள்.

ஆம்பூரில் சுஹேல் அகமது என்ற பெயரில் ஐம்பது பேராவது இருப்பார்கள். இந்தப் பாட்டைப் பாடினவர் முதலாளியின் ஒரே மகன் என்று நேற்று கேன்டீனில் கூட வேலை பார்க்கும் சௌந்தர்யா சொன்னபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. வாயில் வைத்த சாம்பார் சாதம் அப்படியே நின்றது. இன்று காலை எம்.டி. கூப்பிடுகிறார் என்று ஆள் வந்துவிட்டது.

உள்ளே முதலாளி அப்துல் கஃபார் தூக்கமில்லாத கண்களோடு இருந்தார். மேசையில் அவர் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ‘ஜெர்மனி பையர்’ என்று, அவர்கள் ஷூவை மொத்தமாக வாங்குகிறவரின் பெயர் வந்தது. எடுக்காமல் கவிழ்த்து வைத்தார்.

"உக்காரும்மா. அந்தப் பாட்டு நெஜமாவே அவ்ளோ மோசமா?"

ஒரு பொய் சொன்னால் போதும். வீட்டுக்காரருக்கு நிலையான வேலை இல்லை, பெண் எட்டாவது படிக்கிறாள். எல்லாம் கண்முன் வந்து போயின. ஆனாலும் வாய் வரவில்லை.

"ஆமா சார்."

"நானும் கார்ல போட்டுக் கேட்டேன். டிரைவர் வண்டிய ஓரங்கட்டிட்டு, எங்கியோ பெல்ட் உராயற சத்தம் வருதுன்னு பானெட்டைத் தொறந்து பாத்தாரு."

பூங்குழலிக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உன் வீடியோவப் பாத்துட்டு, இனிமே பாடவே மாட்டேன்னுட்டான். மைக்கு, கீபோர்டு எல்லாத்தையும் தோஸ்த்துங்களுக்குக் குடுத்துட்டான்."

"மன்னிச்சுக்குங்க சார்" என்று கடிதத்தைப் பிரித்து நீட்டினாள்.

அவர் இரண்டு வரி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இன்னாம்மா இது? உன்னை யாரு போவச் சொன்னாங்க? நீ இன்னொரு வீடியோ போடு. பாட்டு பிரமாதம், அன்னிக்கு எனக்கு ஜொரம், சரியாக் கேக்கலன்னு சொல்லு. எப்டியாவது அவனைத் திரும்பப் பாட வெச்சிடு."

"பாட்டு மோசம்னு நீங்களே சொன்னீங்களே சார்."

"மோசந்தான். பரவால்ல, பாடட்டும். வீட்டுக்குள்ள நாங்க காதைப் பொத்திக்கறோம்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வேலைய வேணா விட்டுட்றேன் சார். பொய் மட்டும் சொல்லச் சொல்லாதீங்க. அவருக்குப் பாட்டு வராது. வேற எதனா நல்லா வரும்."

"வந்துடுச்சே, அதாம்மா பேஜாரு. உன்ன மாதிரியே போன் எதுர்ல உக்காந்து பேச ஆரம்பிச்சிட்டான். மூணு நாள்ல ரெண்டு லட்சம் பேர் பாக்கறாங்க. உன்னவிட நல்லாப் பேசறான்."

"சந்தோசம்தானே சார். எந்தப் பாட்டப் பத்திப் பேசறாரு?"

"பாட்டா?" அப்துல் கஃபார் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தாழ்ந்தது.

"நேத்து நம்ம ஷூவப் பத்தி உண்மையச் சொல்லிட்டாம்மா."