பதினைந்து டிகிரி

தண்ணீர் இன்னும் பத்தொன்பது டிகிரியில் நிற்கிறது.

பதினைந்துக்கு இறங்க வேண்டும். பள்ளி ஆய்வகத்திலிருந்து எடுத்து வந்த வெப்பமானியை நீல டிரம்முக்குள் விட்டு மறுபடியும் பார்த்தேன். பத்தொன்பது. பங்குனி வெயிலில் திண்டுக்கல் குழாய்த் தண்ணீர் குளிர்வதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

மணிமேகலை இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். பி.காம். மூன்றாம் ஆண்டு. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள். காலையில் தகுதிச் சுற்று முடிந்தது. இறுதி ஓட்டம் மாலை நான்கு மணிக்கு. அதற்குள் இந்தக் கால்களை எப்படியாவது புதிதாக்க வேண்டும்.

பன்னிரண்டு நிமிடம் நிற்க வேண்டும். நான்காவது நிமிடத்திலேயே விளிம்பைப் பிடித்து எழும்பினாள்.

“போதும் மாமா. காலு எங்க இருக்குன்னே தெரியல.”

“தெரியாமத்தான் இருக்கணும். இறங்கு.”

நான் தனியார் பள்ளியில் பி.டி. ஆசிரியர். அவளுக்குச் சொந்தம். மூன்று வருடமாகக் காலை ஐந்தரை மணிக்கு அவளை ஓட வைப்பவன்.

ஐஸ், மீன் மார்க்கெட்டில் வாங்கியது. சாக்கில் சுற்றி வண்டியில் கட்டிக்கொண்டு வருவதற்குள் கால்வாசி ரோட்டில் ஒழுகிவிட்டது. மிச்சத்தைச் சுத்தியலால் உடைத்து வெறும் கையால் அள்ளிப் போட்டேன். கை சிவந்தது. குளிர் தெரியவில்லை. இந்தக் கைக்குக் கொஞ்ச காலமாக எதுவும் சரியாகத் தெரிவதில்லை.

வேறு கல்லூரிப் பெண்கள் நான்கு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போனார்கள்.

“ஏய், மீனு பிரெஷ்ஷா?”

“முள்ளு அதிகம்டி. தொண்டையில சிக்கிரும், போங்க.”

சொல்லிவிட்டு மணிமேகலையே சிரித்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு காலையில் மூன்றாவதாக வந்தவளுக்குச் சிரிப்பு எதற்கு?

அவளுடைய கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பாஸ்கல் சார் டிரம்மை எட்டிப் பார்த்தார். “தயிர்சாதம் சாப்ட்டு செத்த நேரம் படுத்தாலே சரியாப் போயிரும் சார். எதுக்கு இம்புட்டு கூத்து?”

நான் படித்த கட்டுரைகளில் பாதி, ஐஸ் தண்ணீரால் பலன் உண்டு என்கின்றன. மீதி, நம்புபவனுக்கு மட்டும் உண்டு என்கின்றன. எனக்கு நம்பிக்கை வேண்டாம். இரண்டு விநாடி போதும். காலையில் முதலில் வந்தவளுக்கும் இவளுக்கும் அவ்வளவுதான் இடைவெளி.

முதலிடம் வந்தால் சென்னையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் எம்.காம். விடுதியும் உண்டு. இரண்டாமிடத்துக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் கல்யாணம், வைகாசி பதினெட்டு.

முதலிடம் வந்தால் கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று அவளுடைய அப்பா கண்ணுசாமி தாடிக்கொம்புப் பெருமாள் சன்னதியில் சத்தியம் செய்திருக்கிறார். செய்ய வைத்தவன் நான். மறுநாளே போய் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார்.

மாப்பிள்ளை தங்கமானவர் என்று சாணார்பட்டி முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். குடி இல்லை, சீட்டு இல்லை, குரலை உயர்த்திப் பேசமாட்டார். அந்த மாப்பிள்ளையிடம் எனக்கு நல்லதாக எதுவும் தெரியவில்லை.

கைப்பேசி அடித்தது. கண்ணுசாமி.

என் கடிகாரமும் அதுதான். அழைப்பு வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் நிமிடம் திரையிலிருந்து மறைந்துவிடுகிறது. துண்டித்தேன். ஐந்து நாற்பது. மறுபடி அடித்தது. துண்டித்தேன். ஆறு பத்து.

வெப்பமானி பதினேழு காட்டியது.

ஏழாவது நிமிடத்தில் அவள் ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டாள்.

“இறங்குன்னு சொல்றேன்ல!”

மைதானத்தில் குண்டு எறிந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். உதடு நீலமாகியிருந்தது. சிரிப்பு போய்விட்டது.

“இந்த வெரட்டு வெரட்டுறீகளே மாமா. ஒங்களுக்கு என்னதான் வந்துச்சு?”

சுத்தியலை எடுத்து ஐஸை உடைத்தேன்.

மூன்றாவது முறை அடித்தது. எடுத்தேன். ஈரக் கை பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது.

“மாப்ள, டெய்லர் கடையில நிக்கிறேன். அம்பிகா கல்யாணத்துக்கு ஒங்களுக்கு முப்பத்தெட்டுல சட்டை தச்சோம். இப்பவும் அதே அளவுதான?”

அம்பிகா இவளுடைய அக்கா. என் மனைவி. இறந்து பதினாறு மாதம் ஆகிறது.

இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று பெரியவர்களிடம் நான்கு முறை சொல்லிவிட்டேன். துக்கத்தில் பேசுகிறேன் என்கிறார்கள். உறவு விட்டுப்போகக் கூடாது என்கிறார்கள். இவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

“அலோ? மாப்ள? கேக்குதா?”

நான் கைப்பேசியைப் பிடித்தபடி நின்றேன். திரையில் நிமிடம் தெரியவில்லை.

மணிமேகலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விளிம்பிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தாள். முழங்காலை மடக்கி நெஞ்சுவரை தண்ணீருக்குள் இறங்கினாள். பல் தந்தியடித்தது.

“சாக்குல மிச்சம் இருக்குல்ல மாமா? அதையும் போடுங்க.”